இத்தா வீட்டுக் கையெழுத்து

“பாத்தியாம்மா?” என்று வெங்கட்ரமணன் சார் என்னிடம் கேட்டார்.

நான் பச்சைத் திரைக்கு முன்னால் நின்றிருந்தேன். எனக்கு இடப்பக்கம் சார், மடியில் வங்கிக் கோப்போடு உட்கார்ந்திருந்தார். வலப்பக்கம் அகமது மீரான் மாமா. லாக்கர் சாவியை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டிருந்தார். கேள்வி வந்ததும் சாவி நின்றது. பார்த்தேன் என்று நான் சொன்னால் மறுநாள் காலையில் அந்தச் சாவி லாக்கருக்குள் போகும். இல்லை என்று சொன்னால் என்ன ஆகும் என்று தெரியவில்லை. தெரியாததுதான் அதிகப் பயமாக இருந்தது.

கல்லூரிக்குக் கொடுக்கிற பயிற்சிக் குறிப்பில் அன்றைய தேதிக்கு நேராக, ‘வாடிக்கையாளர் இல்லத்துக்குச் சென்றோம்’ என்று மட்டும் எழுதினேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

நான் பதினொன்றாம் வகுப்பில் பள்ளியை விட்டவள். வாப்பா இறந்த வருடம் அது. மேலப்பாளையத்தில் எங்கள் தெருப் பெண்களைப் போல உம்மாவோடு உட்கார்ந்து பீடி சுற்றினேன். பிறகு தனித்தேர்வராகப் பன்னிரண்டு எழுதித் தேறினேன். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் புதிதாக ஒரு பட்டப்படிப்பு வந்திருந்தது. வாரத்தில் சில நாள் வகுப்பு, மற்ற நாளெல்லாம் ஒரு பெரிய வங்கியின் கிளையில் வேலை பழக வேண்டும். வங்கியே மாதா மாதம் உதவித்தொகை கொடுக்கும். அதற்காகத்தான் உம்மா சம்மதித்தாள். ஆனால் முடிவில் கிளை மேலாளர் ஓர் அறிக்கை கொடுக்க வேண்டும். அந்த அறிக்கை இல்லாவிட்டால் எத்தனை மார்க் வாங்கினாலும் பட்டம் கிடையாது.

எங்கள் ஊர்க் கிளையிலேயே எனக்கு இடம் கிடைத்தது. பாஸ்புக் அச்சடிக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். அடுத்த ஆளைக் கூப்பிடுவது என் வேலை. என் குரல் எனக்கே கேட்காது.

“ஏ பிள்ள, அந்த மெஷினு ஒன்ன விடச் சத்தமாப் பேசுது” என்றார் ஒரு பெரியவர். வரிசையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். மேலாளர் மஹாலக்ஷ்மி மேடம் கண்ணாடி அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். வள்ளியூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். நடக்கும்போதே பேசுவார், பேசும்போதே கையெழுத்துப் போடுவார். “தஸ்மியா, குரல் வராட்டி சொல்லு. ஒரு விசில் வாங்கித் தாரேன்” என்றார். அதற்கும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்படிச் சிரித்துவிட்டால் அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

சில மாதம் போனது. பர்தா போட்ட பெண்கள் மற்ற கவுண்டர்களை விட்டுவிட்டு என்னிடம் வர ஆரம்பித்தார்கள். அவர்களும் மெதுவாகத்தான் பேசினார்கள். எங்களுக்குள் கேட்டுவிடும்.

எங்கள் பகுதியைச் சேர்ந்த முகம்மது மைதீன் மாமா இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தபோது அவருடைய தம்பி அகமது மீரான் மாமா வங்கிக்கு வந்தார். மீரான் மாமாவைத் தெரியாதவர்கள் எங்கள் பகுதியில் இல்லை. அவர் பீடிக்கடை வைத்திருக்கிறார். கம்பெனியிலிருந்து இலையும் தூளும் வாங்கி வீடு வீடாகச் சுற்றக் கொடுப்பார், சுற்றிய பீடியைத் திரும்ப வாங்குவார். உம்மா அவர் கடையில்தான் இலை வாங்குகிறாள். வங்கியிலும் அவர் பெரிய வாடிக்கையாளர். அவர் வந்தால் மேடம் எழுந்து நிற்பார்.

மைதீன் மாமாவும் அவர் மனைவி அக்தர் பானு மாமியும் சேர்ந்து ஒரு லாக்கர் வைத்திருந்தார்கள். ஒருவர் இறந்தால் மற்றவர் திறக்கலாம். மாமி வந்து கையெழுத்துப் போட்டால் போதும். ஆனால் மாமி இத்தாவில் இருந்தார். கணவன் இறந்தால் மனைவி நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருப்பது எங்கள் வழக்கம். பட்டுடுத்த மாட்டார்கள், பூ வைக்க மாட்டார்கள், அந்நிய ஆண்கள் முன்னால் வர மாட்டார்கள்.

“மதினி வெளிய வர முடியாது மேடம். எனக்கு அதிகாரம் குடுத்து எழுதித் தருவாவ. குடும்பத்து நகை உள்ள இருக்கு. எம் மகளுக்குக் கல்யாணம் வருது” என்றார் மீரான் மாமா.

“எழுதித் தந்தா மட்டும் போதாது பாய். எங்க ஆபீசர் முன்னால போடணும்.”

“அதுக்கென்ன, வீட்டுக்கு அனுப்புங்க. ஒரு டீ குடிச்சிட்டு வரட்டும்.”

வெங்கட்ரமணன் சார் போவது என்று முடிவானது. அவர் கல்லிடைக்குறிச்சிக்காரர். ரயிலில் வந்து போகிறவர். கடன் கேட்டு வருகிறவரிடம் இல்லை என்று சொல்வதற்குக்கூட நாலு முறை மன்னிப்புக் கேட்பார். “பெண்கள் இருக்கிற வீடு. தஸ்மியாவையும் அழைச்சிண்டு போறேன். சாட்சிக் கையெழுத்துக்கும் ஆச்சு” என்றார்.

மேடம் என்னைப் பார்த்தார். “போயிட்டு வா. மீரான் பாய் மனசு கோணாம நடந்துக்கோ. ஒன் ரிப்போர்ட்டும் இந்த மாசக் கடைசியில போகணும், ஞாபகம் வச்சுக்கோ.” இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். அவர் எல்லாவற்றையும் அப்படித்தான் சொல்வார். எனக்கு மட்டும் இரண்டும் ஒட்டிக்கொண்டது போலக் கேட்டது.

மறுநாள் காலையில் உம்மாவிடம் சொன்னேன். உம்மா மடியில் சொளவு என்கிற முறத்தை வைத்து இலைக்குள் தூளைப் போட்டுச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

“எந்த வீட்டுக்கு?”

“மைதீன் மாமா வீட்டுக்கு.”

உம்மாவின் கை ஒரு நொடி நின்று மறுபடி ஓடியது. “அங்க மீரான் காக்கால்லா இருப்பாவ.” மீரான் மாமாவை உம்மா அண்ணன் முறை வைத்துக் காக்கா என்பாள்.

“ஆமா.”

“சரி, போ. காட்டுன எடத்துல கையெழுத்தப் போட்டுட்டு வா. நீதான் வாயத் தொறக்க மாட்டியே. அது இன்னைக்காவது ஒதவட்டும்.”

ஆட்டோவில் போனோம். தெருக்கோடியில் மாடி வீடு. கூடத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். உள்வாசலை மறைத்துப் பச்சைத் திரை. டீயும் பிஸ்கட்டும் முன்பே வைத்திருந்தார்கள். டீ ஆறி மேலே ஆடை படிந்திருந்தது. மீரான் மாமா சாரை உபசரித்தார். என்னைப் பார்த்து, “நம்ம ஜொஹரா மவதான? உக்காருட்டி” என்றார். நான் உட்காரவில்லை.

சார் திரையைப் பார்க்காமல், திரையிடம் பேசினார். “அம்மா, நாங்க பேங்க்லேர்ந்து வந்திருக்கோம். லாக்கரைத் திறக்க அகமது மீரானுக்கு நீங்க அதிகாரம் குடுக்கிற கடிதம் இது. படிச்சுப் பாத்தீங்களா? சம்மதம்தானே?”

உள்ளிருந்து ஒரு முனகல் வந்தது. ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இருமல் என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

மீரான் மாமா கடிதத்தை ஓர் அட்டையில் வைத்துத் திரைக்கு அடியில் தள்ளினார். கறுப்புச் சட்டைக்கையிலிருந்து ஒரு கை வெளியே வந்து பேனாவை எடுத்தது. சார் உடனே தலையைக் குனிந்து தரையைப் பார்த்தார். துக்க வீட்டில் பெண்ணை நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்று வளர்ந்தவர். அவர் பார்த்திருந்தாலும் ஒரு கையைத்தான் பார்த்திருப்பார்.

நான் பார்த்தேன். கூச்சத்தில் யார் முகத்தையும் பார்க்காமல் கைகளையே பார்த்துப் பழகியவள் நான். உள்ளங்கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்தார்கள். வெளுத்துச் சிவந்திருந்தது. ஆனால் நகத்தில் ஏறிய மருதாணியைக் கழுவ முடியாது. அது வளர்ந்துதான் போக வேண்டும். இரண்டு மாதத்துக்கு முன்னால் மாமி மருதாணி வைத்திருந்தால், இந்நேரம் நகம் பாதி வளர்ந்து அடிப்பக்கம் வெளுத்திருக்கும். அந்த ஐந்து நகமும் அடிவரை சிவப்பாக இருந்தன. இத்தாவில் இருக்கிற பெண் மருதாணி வைக்க மாட்டாள்.

கை கையெழுத்தைப் போட்டுவிட்டு உள்ளே போனது. சார் கோப்பிலிருந்து மாதிரிக் கையெழுத்தை எடுத்து ஒப்பிட்டார். ‘அக்தர் பானு’ என்று எழுத்துக் கூட்டிப் போட்டிருந்தது. இரண்டும் ஒன்றுபோல இருந்தன. “சரியா இருக்கு” என்றார். ‘என் முன்னிலையில் கையெழுத்திட்டார்’ என்ற வரிக்குக் கீழே தன் பெயரை எழுதினார். அட்டையை என் பக்கம் நீட்டினார்.

“சாட்சி, இங்க போடும்மா.”

பேனாவை வாங்கினேன். மீரான் மாமா சாவியைச் சுற்ற ஆரம்பித்தார். உம்மாவின் சொளவு நினைவுக்கு வந்தது. மாதக் கடைசியில் போக வேண்டிய அறிக்கையும் நினைவுக்கு வந்தது. பேனா முனையைக் காகிதத்தில் வைத்தேன். மை ஒரு புள்ளியாக ஊறியது.

“நான் உள்ள போயி மாமியப் பாத்துட்டு வந்துருதேன் சார்” என்றேன்.

சாருக்குக் கேட்கவில்லை. “என்னம்மா?”

மறுபடி சொன்னேன். இந்த முறை தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது.

மீரான் மாமா சிரித்தார். என்னிடம் பேசவில்லை, சாரிடம் பேசினார். “இத்தாவுல இருக்காவ சார். யாருக்கும் முகம் காட்டக் கூடாது. ஒங்களுக்குத் தெரியாததா.”

“தெரியும், தெரியும்” என்று சார் பதறினார். “வேண்டாம் தஸ்மியா. அவங்க வழக்கத்துக்கு நாம மரியாதை குடுக்கணும் இல்லையா?”

“ஆம்பளையளுக்குத்தான் சார் காட்டக் கூடாது. பொம்பளைய பாக்கலாம்.”

எங்கள் தெருவில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் இதைச் சொல்லும். இத்தா வீட்டுக்குப் பெண்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும்தான் இருப்பார்கள். சோறு கொண்டு போவார்கள், பக்கத்தில் படுத்துக்கொள்வார்கள். மீரான் மாமா இதை மறந்தவர் இல்லை. எதிரே இருந்தது வெங்கட்ரமணன் சார் மட்டும் என்று நினைத்துவிட்டார். பாஸ்புக் மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கிற ஒரு பிள்ளை பேசும் என்று அவர் எப்படி நினைப்பார்? நானே நினைக்கவில்லை.

சார் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்படின்னா… ஒரு நிமிஷம் போயிட்டு வரட்டுமே பாய்?”

மீரான் மாமா பதில் சொல்வதற்குள் நான் திரையைத் தூக்கி உள்ளே போய்விட்டேன். நின்றிருந்தால் போயிருக்க மாட்டேன்.

உள்ளே குழல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தரையில் ஒரே ஓர் ஆள் உட்கார்ந்திருந்தாள். ஷம்ஸியா. மீரான் மாமாவின் மகள், பள்ளியில் எனக்கு ஒரு வகுப்புக் கீழே படித்தவள். மாமியின் கறுப்பு அங்கி அவளுக்குத் தொளதொளவென்று இருந்தது. அறையில் வேறு யாரும் இல்லை. கட்டில் மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள்.

“பெரியம்மா எங்கட்டி?” என்றேன்.

என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். “பைய பேசு. இங்கன இல்ல. சாத்தான்குளத்துக்கு, அவ்வொ உம்மா வீட்டுக்குப் போயிட்டாவ.”

“இத்தாவுலயா?”

“வாப்பா முந்தாநாள் லாக்கர் சாவியப் புடுங்கிட்டாவ. அன்னைக்கே அவ்வொ தம்பிய வரச் சொல்லிக் கெளம்பிட்டாவ.”

“ஒனக்கு எதுக்கு இந்த வேல?”

“எஞ் சங்கிலியும் வளையலும் அதுக்குள்ளதான் இருக்கு தஸ்மி. பெரியப்பாதான் பத்திரமா இருக்கட்டும்னு வச்சாவ. அடுத்த மாசம் நிக்காஹ். மாப்பிள்ள வீட்டுல தெனம் போன் போடுதாவ.”

“பெரியம்மாட்ட கேட்டா குடுத்துருவாவளே.”

“வாப்பா கேக்க மாட்டாவ. பொம்பளைட்டப் போயி எறங்குனதா ஆயிருமாம். மொத்தத்தையும் எடுத்துட்டு, அவ்வொளுக்குள்ளத அப்புறமாக் குடுக்கேங்காவ.”

“குடுப்பாவளா?”

ஷம்ஸியா விரல்களை மடக்கி நகங்களை உள்ளே வைத்துக்கொண்டாள். வேறொன்றைச் சொன்னாள்.

“நீ பாத்தேன்னு சொல்லிரு. இல்லைன்னு சொன்னேன்னா, இத்தாவுல வீட்ட விட்டுப் போனவள்னு ஊரு பெரியம்மாவத்தான் பேசும். எங்க வாப்பாவ ஒண்ணும் பேசாது. யோசிச்சுக்கோ.”

அவள் சொன்னது உண்மை. அதனால்தான் என்னால் உடனே எழுந்திருக்க முடியவில்லை. திரைக்கு வெளியே டீ கிளாஸை யாரோ கீழே வைக்கிற சத்தம் கேட்டது. ஷம்ஸியாவின் பிடி என் மணிக்கட்டில் இறுகியது. அழவில்லை, கெஞ்சவும் இல்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் கையை எடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

அப்போதுதான் சார் கேட்டார். “பாத்தியாம்மா?”

“இல்ல சார்.”

“என்னது?” என்றார் மீரான் மாமா.

“நான் அக்தர் பானு மாமியப் பாக்கல சார்.”

சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அவங்க உள்ள இல்லையா? இல்ல, நீ பாக்கலையா?”

இந்தக் கேள்வி வரும் என்று நான் நினைக்கவில்லை. உள்ளே இல்லை என்றால் மாமி எங்கே என்பது அடுத்த கேள்வி. மீரான் மாமாவின் கண் என் மேல் இருந்தது. திரைக்குப் பின்னால் ஷம்ஸியா கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நான் பாக்கல சார். எனக்கு அவ்வளவுதான் சொல்ல முடியும்.”

சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். பிறகு கடிதத்தை மடியில் வைத்துத் தான் போட்ட கையெழுத்தின் மேல் ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் தேதி போட்டார்.

“மன்னிக்கணும் பாய். இன்னொரு நாள் வரோம்.”

மீரான் மாமா கோபப்படவில்லை. வாசல் வரை வந்து வழியனுப்பினார். நான் செருப்பு மாட்டும்போது, சாருக்குக் கேட்காத குரலில், சிரித்த முகத்தோடு, “ஒங்க உம்மா இப்ப யாருட்ட எல வாங்குதா?” என்று கேட்டார். தெரியாமல் கேட்கவில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஆட்டோவில் சார் வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தார். பஜார் திரும்பிய பிறகு, “போட்ட கையெழுத்தை அடிச்சதுக்கு நான் காரணம் எழுதணும்மா. என்னன்னு எழுத?” என்றார்.

“நான் உள்ள போனேன், பாக்கலைன்னு சொன்னேன்னு எழுதுங்க சார்.”

“அதுக்கு மேல எதுவும் வேண்டாமா?”

“வேண்டாம் சார்.”

“நான் தரையைப் பாத்துண்டு உக்காந்திருந்தேன்” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

மறுநாள் கிளை திறந்ததுமே மீரான் மாமா வந்துவிட்டார். மேடம் என்னைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். மேசைமேல் என் அறிக்கை, பெயர் மட்டும் எழுதி, மற்றக் கட்டங்கள் காலியாகக் கிடந்தன. சார் சுவர் ஓரமாக நின்றார்.

“சின்னப் பிள்ள மேடம். அவளக் கொற சொல்லல” என்றார் மீரான் மாமா. “உள்ள இருட்டு. பயந்து போயி ஓடி வந்துட்டா. வேற வெவரமான ஆள அனுப்புங்க. எங்க டெபாசிட்டெல்லாம் ஒங்கள நம்பித்தான இங்க கெடக்கு.”

மேடம் பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “இருட்டாவா இருந்துச்சு தஸ்மியா?”

எனக்காக ஒரு கதவைத் திறந்து வைக்கிறார் என்று புரிந்தது. ஆமாம் மேடம் என்றால் போதும். யார் மேலும் தப்பு இல்லை. அறிக்கை நிரம்பும், உம்மாவுக்கு இலை வரும், இன்னொரு ஆள் போய் அதே நகத்தைப் பார்த்துவிட்டு வருவார்.

“லைட் எரிஞ்சது மேடம்” என்றேன்.

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். நான் முதல் முறையாக அவர் பேசாமல் இருப்பதைப் பார்த்தேன். பிறகு வழக்கமான வேகத்தில், “அப்பச் சரி பாய். இன்னைக்குச் சாயங்காலம் நானே வாரேன். நானும் பொம்பளதான? உள்ள போயி அவங்களப் பாத்து ரெண்டு வார்த்த துக்கம் விசாரிச்சுட்டு, கையெழுத்தையும் வாங்கிட்டு வந்துருதேன். நீங்க வீட்டுல இருப்பீங்கல்லா?” என்றார்.

மீரான் மாமா சாவியைச் சட்டைப்பையில் போட்டார். “ஒங்களுக்கு எதுக்குச் சிரமம். இத்தா முடியட்டும் மேடம். அவ்வொளே வருவாவ” என்றார். வாசலில் செக்யூரிட்டி வைத்த சல்யூட்டை அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

அவர் போன பிறகு மேடம் என் பக்கம் திரும்பினார். “நான் ஒன்னப் பாராட்டப் போறேன்னு நிக்காத. அவரு டெபாசிட் போச்சுன்னா மண்டல ஆபீசுக்கு நான்தான் பதில் சொல்லணும். போ, வரிசை நிக்குது.” அறிக்கையை எடுத்து இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

டெபாசிட் அந்த வாரமே போனது. உம்மா கொண்டு போன பீடியில் பாதியை மீரான் மாமா கடையில் கழிவு என்று ஒதுக்கினார்கள். அடுத்த முறையும் ஒதுக்கினார்கள். சுற்று தளர்ந்திருக்கிறதாம். அத்தனை வருடம் தளராத சுற்று. உம்மா பேசாமல் அடுத்த தெருவில் வேறு கடையில் பெயர் கொடுத்தாள். அங்கே இலை மட்டம். கிழிந்த இலையை எல்லாம் தனியாக எடுத்து என் முன்னால் வைத்து, “இந்தா, ஒம் பேங்க்ல டெபாசிட் போடு” என்றாள்.

அதுகூடப் பரவாயில்லை. அக்தர் பானு மாமியைச் சாத்தான்குளத்தில் பார்த்ததாக யாரோ சொல்லி, பேச்சு ஊரெல்லாம் பரவியது. இத்தாவில் புருஷன் வீட்டை விட்டுப் போனவள் என்றார்கள். ஷம்ஸியா சொன்னபடியே நடந்தது. மீரான் மாமாவை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பாஸ்புக் அச்சடிக்க வந்த பெண்கள் மெஷின் ஓடும்போது குனிந்து, “நீதானட்டி உள்ள போயிப் பாத்தது? அவ இல்லையாமே?” என்று கேட்டார்கள். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். என் குரல் இப்போது வரிசையின் கடைசி வரை கேட்டது. ஷம்ஸியாவின் நிக்காஹ் தள்ளிப் போனதாகவும் அவர்கள்தான் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை என்று மட்டும்தான் சொன்னேன். அந்த ஒரு சொல்லில் தொடங்கியதுதானா இதெல்லாம் என்று தினமும் என்னைக் கேட்டுக்கொண்டேன். சாவியை மாமியிடம் கொடுக்கச் சொல்லி ஜமாத்தில் பேசினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மாதக் கடைசி போய், கல்லூரியிலிருந்து இரண்டு முறை நினைவூட்டல் வந்த பிறகு, மேடம் இழுப்பறையைத் திறந்து என் அறிக்கையை நிரப்பினார். எல்லாக் கட்டத்திலும் நல்ல மார்க். ‘பேச்சுத் திறன்’ என்ற இடத்தில் மட்டும், ‘இன்னும் மேம்பட வேண்டும்’ என்று எழுதியிருந்தார். நான் அதைப் படிப்பதைப் பார்த்து, “உண்மையத்தான எழுதணும்?” என்றார்.

இத்தா முடிந்த வாரத்தில் அக்தர் பானு மாமி வங்கிக்கு வந்தார். மெலிந்திருந்தார். கூட அவர் தம்பி. தம்பி வெளியே ஆட்டோவிலேயே இருந்துகொண்டார். மாமியின் கையில் லாக்கர் சாவி இருந்தது. கொஞ்ச நேரத்தில் மீரான் மாமாவும் ஷம்ஸியாவும் வந்தார்கள். யார் சொல்லி வந்தார்கள் என்று தெரியவில்லை. ஒருவருக்கொருவர் சலாம்கூடச் சொல்லவில்லை. ஷம்ஸியா சுவரோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். மீரான் மாமா உட்காரவில்லை. வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். மெஷின் மட்டும் ஓடியது.

சார் மாமியிடம் கையெழுத்து வாங்கினார். இந்த முறை தலையைக் குனியவில்லை. முகத்தை நேராகப் பார்த்து, “வாங்கம்மா” என்றார். தன்னிடமிருந்த வங்கிச் சாவியை லாக்கரில் போட்டுத் திருகிவிட்டு வெளியே வந்து கம்பிக் கதவருகில் நின்றார். மாமி உள்ளே தனியாக இருந்தார். இரும்புப் பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. மீரான் மாமா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். ஷம்ஸியா மடியில் கோத்திருந்த கைகளைப் பார்த்தேன். மருதாணி நகத்தின் நுனிக்குப் போய்விட்டது. கீழேயெல்லாம் வெறும் நகம்.

மாமி வெளியே வந்தார். கையில் இரண்டு சுருக்குப் பைகள். ஒன்று பழைய வெல்வெட், ஒன்று புதிய துணி. எல்லோரும் அதையே பார்த்தோம். மீரான் மாமா ஓரடி முன்னால் வந்து கையை நீட்டினார். மாமி அந்தக் கையைத் தாண்டி நடந்தார். நாற்காலிக்கு முன்னால் நின்று, புதிய துணிப் பையை ஷம்ஸியாவின் மடியில் வைத்தார். அவள் “பெரியம்மா” என்று எழுந்திருக்கப் போனாள். மாமி அவள் தோளை லேசாக அழுத்தி உட்கார வைத்துவிட்டுத் திரும்பினார்.

வாசலுக்குப் போகிற வழி என் மெஷினைத் தாண்டித்தான். நான் எழுந்து நின்றேன். மாமி நின்றார். திரைக்குள்ளே போனது இவள்தான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கண்ணில் கோபமும் இல்லை, நன்றியும் இல்லை. நான் உள்ளே போய்ப் பார்த்தது முழுவதையும் அவரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். வெல்வெட் பையை அங்கிக்குள் வைத்துக்கொண்டு, நான் தொடங்குமுன்பே கண்ணாடிக் கதவைத் தள்ளி மாமி வெளியே போனார்.